ரேகை விழுகலீங்க!

ரேஷன் கடையின் கைரேகைக் கருவி முதல் ஆடிட்டர் அலுவலகத்தின் டோக்கன் வரை, நம்மை இன்னார் என்று கணினிக்குச் சொல்லும் சின்னஞ்சிறு கருவிகள் கொடுமுடி வட்டாரத்து வாழ்க்கைக்குள் வந்துவிட்டன. அவை யாருக்குக் காவல், யாருக்குச் சுமை? ஒரு சிறப்புப் பார்வை.

ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரயில் பாதையில், காவிரிக் கரையை ஒட்டி இருக்கிறது கொடுமுடி. மகுடேசுவரர் கோயிலால் பக்தர்களுக்கும், கே.பி.சுந்தராம்பாள் பிறந்த மண் என்பதால் இசை ரசிகர்களுக்கும் தெரிந்த ஊர். ஆனால் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவது விவசாயம். மஞ்சள், கரும்பு, தென்னை, வாழை, எள். பக்கத்துச் சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் தேங்காயும் தேங்காய்ப் பருப்பும் எள்ளும் ஏலம் போகின்றன. களையெடுத்து, மஞ்சள் வேகவைத்து, தேங்காய் உரித்துக் காய்த்துப்போன கைகளின் ஊர் இது.

அந்தக் கைகளைத்தான் இன்று கணினிகள் கேட்கின்றன. ரேஷன் அரிசி வாங்கக் கைரேகை. முதியோர் உதவித்தொகையை வங்கி முகவரிடம் வாங்கக் கைரேகை. புது சிம் கார்டு வாங்கவும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதியவும் கைரேகை. ஓய்வூதியர் உயிரோடு இருப்பதற்கும் கைரேகை சான்றாகிறது.

இதே ஊரில் இன்னொரு கருவியும் இருக்கிறது. பென்டிரைவ் அளவே இருக்கும் மின்னணுக் கையெழுத்துக் கருவி. 'டிஎஸ்சி', 'டோக்கன்' என்று சொல்வார்கள். நிறுவனத்தின் ஜிஎஸ்டி கணக்கில் கையெழுத்திடவும், அரசு டெண்டரில் கலந்துகொள்ளவும், ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் விடுவிக்கவும், வட்டாட்சியர் வருமானச் சான்றிதழுக்கு ஒப்புதல் தரவும் அது வேண்டும்.

இரண்டும் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: 'இந்தக் கணினியின் முன்னால் இருப்பது யார்?' ஆனால் இரண்டுக்கும் நடுவே பெரிய வேறுபாடு இருக்கிறது. டோக்கன் தொலைந்தால் ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்கலாம். ரேகை களவு போனால் புது விரல் எங்கே வாங்குவது? பத்திரமான, மாற்றிக்கொள்ளக்கூடிய சாவி வசதி உள்ளவரிடம் இருக்கிறது. தேயக்கூடிய, மாற்றவே முடியாத சாவி கூலிக்காரரின் உடம்பிலேயே இருக்கிறது. இந்த ஏற்றத்தாழ்வை நாம் இன்னும் சரியாகப் பேசவில்லை.

ஜங்கிப்பூரில் தொடங்கிய கதை

இந்தியாவில் விரலை நம்பி ஆளை அடையாளம் காணும் பழக்கத்துக்கு 160 ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் அதிகாரியாக இருந்த வில்லியம் ஹெர்ஷல், சாலைக்குக் கற்கள் தர ஒப்புக்கொண்ட உள்ளூர் ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையை ஒப்பந்தத் தாளில் பதியவைத்தார். பின்னாளில் 'இது என் கையெழுத்து இல்லை' என்று அவர் மறுத்துவிடக்கூடாது என்பதே நோக்கம். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கியது. அங்கே ரேகைகளை வகைப்படுத்தும் முறையை வடிவமைத்ததில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அதிகாரிகளின் பங்கு பெரிது. உலகமோ அதை மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் அறிகிறது.

தொடக்கத்திலேயே இருந்த நோக்கத்தை மறந்துவிடக் கூடாது. ஆள்பவர், ஆளப்படுபவரை நம்பாததால் வந்த முறை இது. மக்களாட்சியில் அதே முறையைக் கையாளும்போது, ஐயத்தின் சுமை முழுவதையும் குடிமகன் தலையில் ஏற்றாமல் இருக்கிறோமா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

கை தேய்ந்தால் உரிமையும் தேயுமா?

தமிழ்நாட்டில் 2017 ஏப்ரலில் ரேஷன் அட்டைகள் ஸ்மார்ட் கார்டுகளாக மாறின. கடைக்காரர் கையடக்கக் கருவியில் அட்டையை ஸ்கேன் செய்தால் போதும் என்றிருந்தது. 2020 அக்டோபர் 1 அன்று 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டத்தில் தமிழகம் சேர்ந்ததோடு, கைரேகை சரிபார்ப்பும் வந்தது. போலி அட்டைகளையும், வாங்காத பொருளை வாங்கியதாகக் கணக்கெழுதுவதையும் தடுப்பது நோக்கம். நியாயமான நோக்கம்தான். தன் பெயரில் இன்னொருவர் சர்க்கரை வாங்கிப் போனதை மாதக் கடைசியில் அறிந்த குடும்பங்கள் நம் ஊர்களில் கொஞ்சமல்ல.

ஆனால் வரிசையில் நிற்பவர்கள் கேட்டுப் பழகிய வாசகம் வேறு. 'ரேகை விழுகலீங்க, தொடைச்சுட்டு வைங்க.' 'அந்த விரலை வைங்க.' 'சர்வர் கிடைக்கலீங்க, மத்தியானமா வாங்க.' மூன்று முறை, நான்கு முறை வைத்துப் பார்த்தும் மெஷின் ஏற்காதபோது வயதானவர்கள் தங்கள் கையையே குற்றவாளியைப் போலப் பார்க்கிறார்கள். பின்னால் நிற்கும் வரிசைக்கு முன் கூனிக் குறுகிப் போகிறார்கள்.

குற்றம் கையில் இல்லை. பெரும்பாலான கைரேகைக் கருவிகளில் கண்ணாடித் தளத்தின் கீழே ஒளி பாய்ந்து, விரலின் மேடு பள்ளங்களைப் படமாக எடுக்கிறது. மென்பொருள் அந்தப் படத்தில் கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்ற புள்ளிகளைத் தேடி, ஆதாரில் பதிவானவற்றோடு ஒப்பிடுகிறது. கோடுகள் தெளிவாகத் தெரிய, தோலில் சிறிது ஈரப்பசையும் மேடுகளில் உயரமும் வேண்டும். வயது ஏறினால் தோல் வறளும், சுருங்கும், மேடுகள் தாழும். மண்வெட்டி, தேங்காய் மட்டை, சுண்ணாம்பு, சிமென்ட், சலவைக் காரம் எல்லாம் ரேகையைத் தேய்க்கும். தொழுநோயில் விரல் இழந்தவர்களுக்கு வைக்கவே விரல் இல்லை. நாள் முழுக்க உழைப்பவரின் ரேகைதான் முதலில் அழிகிறது. உழைக்காத கையைக் கருவி சட்டென்று ஏற்கிறது.

இது ஓரிரு பேரின் பிரச்சினையாகவும் இல்லை. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் ஆதார் ஆணையத்தின் தலைமை நிர்வாகி அளித்த விளக்கத்திலேயே, அரசுச் சேவைகளில் ஆதார் சரிபார்ப்பின் வெற்றி விகிதம் 88 சதவீதம் என்று சொல்லப்பட்டது. வங்கிகளில் 95, தொலைபேசி நிறுவனங்களில் 97. எங்கே மிக ஏழைகள் கை வைக்கிறார்களோ, அங்கேதான் தோல்வியும் அதிகம்.

கருவி தோற்கும்போது மனிதர் என்ன செய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில், ஆதாரோடு இணைக்காததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்ட குடும்பத்தின் 11 வயதுச் சிறுமி இறந்தாள். பசியால் என்றது குடும்பம். நோயால் என்றது அரசுத் தரப்பு. அடுத்த மாதமே, ஆதார் இல்லாததையோ ரேகை பொருந்தாததையோ காரணம் காட்டி யாருக்கும் உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது. 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் தீர்ப்பிலும், சரிபார்ப்பு தோற்றதால் உரியவர் பலனை இழக்கக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது.

தமிழகத்தில் வழிகள் இல்லாமல் இல்லை. ரேகை பொருந்தாவிட்டால் செல்போனுக்கு வரும் ஓடிபி, கண் கருவிழிப் பதிவு, வர இயலாதவருக்காக இன்னொருவர் வாங்க அனுமதிக்கும் படிவம் என்று மாற்றுகள் உள்ளன. முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுசெல்லும் 'தாயுமானவர்' திட்டம் 2025 ஆகஸ்ட் 12 அன்று தொடங்கியது. ஓய்வூதியர் விஷயத்திலும் இதே பாதையைக் காணலாம். 2014 நவம்பரில் வந்த 'ஜீவன் பிரமாண்' முதலில் ரேகையையும் கருவிழியையும் மட்டுமே கேட்டது. 2021இல் முகத்தைச் செல்போன் கேமராவில் காட்டினாலே போதும் என்றானது. 70 ரூபாய் கட்டினால் தபால்காரரே வீட்டுக்கு வந்து பதிந்துகொடுக்கிறார். கருவியை மனிதரிடம் கொண்டுபோக முடியும் என்பதற்கு இவை சான்று. 'மாற்று வழி இருக்கிறது, கேளுங்கள்' என்று கடை வாசலில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பதுதான் மிச்சம்.

மாற்ற முடியாத பூட்டு

ரேகை பொருந்தாதது ஒரு துயரம் என்றால், பிறர் வைத்த ரேகை பொருந்திவிடுவது இன்னொன்று.

2002இலேயே ஜப்பானின் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுதோமு மட்சுமோட்டோ, மிட்டாய் செய்யப் பயன்படும் ஜெலட்டினில் விரல் வார்த்து, அப்போது சந்தையில் இருந்த 11 கருவிகளை ஏமாற்றிக் காட்டினார். நம் நாட்டில் அது ஆய்வகத்தோடு நிற்கவில்லை. 2017 செப்டம்பரில் உத்தரப் பிரதேச சிறப்புக் காவல் படை, கான்பூரில் ஒரு கும்பலைப் பிடித்தது. ஆதார் பதிவு மையத்தின் கணினிக்குள் நுழைய ஆபரேட்டரின் கைரேகை வேண்டும். அந்த ரேகையையே நகலெடுத்து, அங்கீகாரம் இல்லாதவர்கள் பல இடங்களில் ஒரே ஆபரேட்டர் பெயரில் உள்ளே நுழைந்திருந்தார்கள். 2018இல் தெலங்கானாவின் பெத்தபள்ளி மாவட்டத்தில் ஒரு சிம் கார்டு வியாபாரி பிடிபட்டார். பதிவுத் துறை இணையதளத்தில் இருந்த பத்திரங்களிலிருந்து கட்டைவிரல் ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையில் வார்த்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை அவர் இயக்கியிருந்தார். பத்திரத்தில் விற்பவர், வாங்குபவர் ரேகை ஆதார் எண்ணோடு சேர்ந்து இருந்தால், களவுக்கு வேண்டிய எல்லாம் ஒரே தாளில் கிடைத்துவிடுகிறது.

ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் சேவையில் இந்த ஆபத்து வீட்டு வாசலுக்கு வருகிறது. அங்கே ஏடிஎம் அட்டை வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓடிபி வேண்டாம். வங்கியின் பெயரும் ஆதார் எண்ணும் விரலும் போதும். கிராமத்து முதியவருக்கு அது வரம். பஸ் ஏறி வங்கிக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் நகல் விரல் வைத்திருப்பவருக்கும் அதே கதவு திறக்கிறது. நேர்மையற்ற முகவர் 'இன்னொரு தடவை வைங்க, விழுகலை' என்று சொல்லி இரண்டு முறை பணம் எடுத்துவிட்டால், எழுத்தறியாத பயனாளிக்கு அது தெரியவே தெரியாது. கருவி இரண்டு முறையும் சரியாகத்தான் வேலை செய்தது. விரல் அவருடையதுதான். சம்மதம் மட்டும் அவருடையதில்லை.

ஆதார் ஆணையம் சும்மா இருக்கவில்லை. 2017 முதல் ஒவ்வொரு ரேகைக் கருவியும் தனி அடையாளத்தோடு பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எடுத்த ரேகை கணினியில் திறந்தபடி கிடக்காமல், பூட்டப்பட்டே மையத்துக்குப் போகும். அடுத்த தலைமுறையான 'எல்-1' கருவிகளில் அந்தப் பூட்டு, கணினியின் மென்பொருளில் இல்லாமல் கருவியின் உள்ளேயே இருக்கிறது. 2023 பிப்ரவரியில், ரேகைப் புள்ளிகளோடு விரலின் படத்தையும் சேர்த்துப் பார்த்து அது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் முறையை ஆணையம் அறிவித்தது. ஆதார் வழிப் பணச் சேவை முகவர்களை நியமிக்கும் முன் வங்கிகள் தீர விசாரிக்க வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் உத்தரவு 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது.

தன் ரேகையைத் தானே பூட்டிவைக்கும் வசதியையும் ஆணையம் தந்திருக்கிறது. ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ பூட்டிவிட்டால், திறக்கும்வரை எந்தக் கருவியிலும் ரேகை செல்லாது. மிக நல்ல வசதி. ஆனால் யாருக்கு? மாதச் சம்பளக்காரர் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ரேஷனுக்கும் உதவித்தொகைக்கும் மாதந்தோறும் விரல் வைக்க வேண்டியவர், ஒவ்வொரு முறையும் ஸ்மார்ட்போனில் திறந்து மூட வேண்டும். பாதுகாப்பு அதிகம் வேண்டியவருக்கே அது எட்டாமல் நிற்கிறது.

விரல் அளவில் ஒரு கையெழுத்து

இப்போது இன்னொரு கருவிக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், மின்னணுக் கையெழுத்துக்குத் தாள் கையெழுத்தின் மதிப்பைக் கொடுத்தது. அதற்கான சான்றிதழ் வழங்க இந்தியாவில் முதல் உரிமம் பெற்றது 'சேஃப்ஸ்கிரிப்ட்' என்ற நிறுவனம். 2002இல் உரிமம் பெற்ற அது, சென்னையின் சத்யம் இன்போவே நிறுவனத்தின் துணை நிறுவனம். இந்தத் துறையின் முதல் அடி தமிழ்நாட்டில் எடுத்துவைக்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

டோக்கனுக்குள் ஒரு சிப் இருக்கிறது. அது இரண்டு எண்களை உருவாக்கும். ஒன்று ஊருக்கெல்லாம் தெரியலாம், மற்றொன்று ரகசியம். கையெழுத்திட வேண்டிய ஆவணத்தின் கணிதச் சுருக்கத்தைக் கணினி டோக்கனுக்குள் அனுப்புகிறது. டோக்கன் தன் ரகசிய எண்ணால் அதை முத்திரையிட்டுத் திருப்பித் தருகிறது. ரகசிய எண் சிப்பை விட்டு ஒருபோதும் வெளியே வருவதில்லை. கணினியில் வைரஸ் இருந்தாலும் அதை நகலெடுக்க முடியாதபடி செய்திருக்கிறார்கள். டோக்கனைத் திறக்கும் பின் எண்ணைப் பலமுறை தவறாகப் போட்டால் டோக்கன் தானே பூட்டிக்கொள்ளும். தொலைந்தால் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்திடம் சொல்லி ரத்து செய்யலாம். சான்றிதழுக்குக் காலவரம்பும் உண்டு. வாங்கும்போது விண்ணப்பதாரரின் முகம் வீடியோவில் சரிபார்க்கப்படுகிறது.

சிப் வைத்த ஏடிஎம் அட்டையும் இதே குடும்பம்தான். 2018 இறுதிக்குள் பழைய காந்தப் பட்டை அட்டைகளை மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டபோது, நாம் ஒவ்வொருவரும் ஒரு பாதுகாப்புக் கருவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். கையில் ஒரு பொருள், மனதில் ஒரு எண். இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இந்தக் கருவியின் வலிமை முழுவதும் அந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

டிராயருக்குள் கிடக்கும் கையெழுத்துகள்

அந்தச் சேர்க்கையை நாமே உடைத்துவிடுகிறோம். ஈரோடு, திருப்பூர், கோவை, கரூர் என்று கொங்கு நாட்டின் எந்த ஊரிலும் ஆடிட்டர் அலுவலகத்துக்கோ கணக்கு எழுதுபவரின் அலுவலகத்துக்கோ போய்ப் பாருங்கள். மேசை டிராயரில் நிறுவனப் பெயர் எழுதிய ஸ்டிக்கரோடு டோக்கன்கள் வரிசையாகக் கிடக்கும். சிலவற்றில் பின் எண்ணும் அதே ஸ்டிக்கரில் எழுதியிருக்கும். 'அவங்க பார்த்துக்குவாங்க' என்பதுதான் முதலாளிகளின் பதில்.

அதற்குக் காரணமும் உண்டு. ஜிஎஸ்டி, வருமான வரி, கம்பெனிப் பதிவு என்று கெடு தேதிகள் துரத்துகின்றன. தறிப்பட்டறையோ எண்ணெய் ஆட்டும் ஆலையோ நடத்துபவர் கெடு தேதிக்கெல்லாம் அலுவலகம் வந்து உட்கார முடியாது. கொங்கு நாட்டுத் தொழிலே சொல்லை நம்பி நடந்து வளர்ந்தது. கணக்குப்பிள்ளையை நம்பாமல் யாரை நம்புவது என்று கேட்பார்கள். பெரும்பாலான ஆடிட்டர்களும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுபவர்களே.

ஆனால் சட்டம் அந்த நம்பிக்கையைக் கணக்கில் எடுக்காது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 42ஆம் பிரிவு, ரகசிய எண்ணைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ் வாங்கியவரின் கடமை என்கிறது. அது பிறர் கைக்குப் போய்விட்டதென்று சான்றிதழ் வழங்கியவரிடம் தெரிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. டோக்கன் போட்ட கையெழுத்தை 'நான் போடவில்லை' என்று நீதிமன்றத்தில் மறுப்பது கடினம். மறுக்க முடியாத கையெழுத்து வேண்டும் என்றுதானே அந்தக் கருவியையே உருவாக்கினார்கள்? ஒரு வேலைக்காரர் விலகும்போதோ, பங்காளிகளுக்குள் பிணக்கு வரும்போதோ, டிராயரில் கிடந்த அந்தச் சின்னப் பொருள் ஒருவரை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கும் படிவத்திலும் கையெழுத்திட்டுவிடும். பிறர் கையெழுத்தையோ கடவுச்சொல்லையோ மோசடியாகப் பயன்படுத்துபவருக்கு 66சி பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் தண்டனை வருவதற்குள் சேதம் நடந்து முடிந்திருக்கும்.

ஊர்ப் பணமும் இரண்டு டோக்கன்களும்

நிறுவனத்தைவிடக் கவலைக்குரிய இடம் ஊராட்சி. நிதிக்குழு மானியத்திலிருந்து ஊராட்சிகள் செய்யும் செலவு இன்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தின் வழியே நடக்கிறது. பணம் போக இரண்டு டோக்கன்கள் வேண்டும். ஒருவர் பதிவிட வேண்டும், மற்றவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடை என்று ஊருக்குச் சேர வேண்டிய பணத்தின்மேல் நான்கு கண்கள் இருக்கட்டும் என்பதே இதன் பொருள்.

இரண்டு டோக்கன்களும் ஒரே மேசையில், ஒரே கணினி ஆபரேட்டரிடம் இருந்தால் நான்கு கண்கள் இரண்டாகிவிடும். பெண் தலைவரின் டோக்கனை அவருடைய கணவர் வைத்திருந்தால், தலித் தலைவரின் டோக்கனை ஊர்ப் பெரியவர் வைத்திருந்தால், வாக்குச்சீட்டு கொடுத்த அதிகாரத்தை டிராயர் எடுத்துக்கொண்டது என்று பொருள். 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு ஈரோடு உள்ளிட்ட 28 மாவட்டங்களின் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. இனித் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொரு தலைவருக்கும் பதவியேற்பு நாளிலேயே டோக்கனைக் கையில் கொடுத்து, பின் எண்ணை அவரையே அமைக்கச் சொல்லி, ஒரு நாள் பயிற்சியும் தருவது அரசுக்குப் பெரிய செலவில்லை.

பகிர்ந்துகொண்ட ரகசியம் என்ன செய்யும் என்பதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரியில் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி, 13,000 கோடி ரூபாயைத் தாண்டியது. மும்பைக் கிளை ஒன்றில், வெளிநாட்டு வங்கிகளுக்குச் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் அமைப்பின் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டது விசாரணையில் வெளிப்பட்டது. ஒருவர் எழுத, இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு தாளில் இருந்தது, நடைமுறையில் இல்லை.

உலகம் கற்ற பாடம்

இந்தக் கருவிகளின் பலமும் பலவீனமும் வெளிநாடுகளிலும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. 60 விநாடிக்கு ஒருமுறை புதிய எண்ணைக் காட்டும் 'செக்யூர்ஐடி' டோக்கன்கள் ஒருகாலத்தில் உலகப் பெருநிறுவனங்களின் அடையாளம். 2011 மார்ச்சில் அவற்றைத் தயாரித்த ஆர்எஸ்ஏ நிறுவனத்துக்குள்ளேயே களவர்கள் நுழைந்தார்கள். 'ஆட்சேர்ப்புத் திட்டம்' என்று பெயரிட்ட ஒரு எக்ஸெல் கோப்பை ஊழியர் ஒருவர் திறந்ததுதான் தொடக்கம். 2017இல் எஸ்தோனியா, சிப்பில் கண்டுபிடிக்கப்பட்ட குறைபாட்டால் சுமார் 7.5 லட்சம் அடையாள அட்டைகளின் சான்றிதழ்களை முடக்கிப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கருவியும் தவறும். ஆனால் எஸ்தோனியரால் சான்றிதழைப் புதுப்பித்துக்கொள்ள முடிந்தது. விரலை நம்பியிருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

வெற்றிக் கதைகளும் உண்டு. கூகுள் நிறுவனம் 2017 முதல் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியைக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஊழியர் கணக்கு எதுவும் போலித் தளங்களால் களவு போகவில்லை என்று 2018இல் அது தெரிவித்தது. 2022 ஆகஸ்டில் ட்விலியோ, கிளவுட்ஃபிளேர் என்ற இரு அமெரிக்க நிறுவனங்களின் ஊழியர்களுக்கு ஒரே மாதிரியான போலிக் குறுஞ்செய்திகள் வந்தன. இரண்டிலும் சில ஊழியர்கள் ஏமாந்து கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். ட்விலியோவுக்குள் களவர்கள் நுழைந்துவிட்டார்கள். கிளவுட்ஃபிளேரில் ஒவ்வொருவரிடமும் பாதுகாப்புச் சாவி இருந்ததால் கதவு திறக்கவில்லை.

காரணம் எளியது. ஓடிபி எண்ணை மனிதர் படித்து, மனிதரே தட்டுகிறார். போலித் தளத்திலும் தட்டிவிடுவார், போனில் கேட்டாலும் சொல்லிவிடுவார். பாதுகாப்புச் சாவியோ தளத்தின் முகவரியையும் சேர்த்தே கையெழுத்திடுகிறது. முகவரியில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் பதில் செல்லாது. ஏமாறும் இயல்பு மனிதருக்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டு செய்த கருவி அது. அபராத ரசீது, உதவித்தொகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தட்டி, ஓடிபிகளைக் களவு கொடுப்பவர்கள் நம்மிடையே பெருகும் நாளில் இந்த வேறுபாடு மிக முக்கியம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் மின்னஞ்சலைக் களவாடி, வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிப் பணம் பறிக்கும் மோசடிக்குத் திருப்பூர், கோவை ஏற்றுமதியாளர்களும் இலக்காகிறார்கள். சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள ஒரு சாவி, கோடி ரூபாய் வரவு செலவு நடக்கும் மின்னஞ்சலுக்குக் காவல் இருக்கும். அதே நுட்பத்தைச் செல்போனுக்குள் வைத்த 'பாஸ்கீ' முறையைப் பெரிய தளங்கள் பலவும் இலவசமாகவே தருகின்றன. குறுஞ்செய்தி ஓடிபியைத் தாண்டிய சரிபார்ப்பு முறைகளுக்கு வழிவிடும் ரிசர்வ் வங்கியின் விதிகளும் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளன.

செய்ய வேண்டியது

அரசுக்கு முதல் வேண்டுகோள். ரேகையை ஒரே வாசலாக வைக்காதீர்கள். ரேஷன் கடையிலும் வங்கி முகவரிடமும், விரும்புகிறவருக்குச் சிப் அட்டையும் நான்கு இலக்க எண்ணும் கொண்ட வழியைத் திறந்துவையுங்கள். ஏடிஎம் அட்டையைக் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொடுக்க முடிந்த நாட்டால் இதுவும் முடியும். ஆதார் வழியில் பணம் எடுக்கும் ஒவ்வொரு முறையும் தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் வசதியைக் கருவியில் கட்டாயமாக்குங்கள். தேநீர்க் கடையில் பணம் வந்ததைச் சொல்லும் ஸ்பீக்கர் இருக்கும்போது, பாட்டியின் கணக்கிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை அவருக்குச் சொல்ல ஒரு குரல் வேண்டாமா?

தொழில் செய்பவர்களுக்கு அடுத்தது. இன்றே ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து டோக்கனை வாங்கி வாருங்கள். பின் எண்ணை மாற்றுங்கள். கையெழுத்திட வேண்டிய நாளில் நீங்களே போய், எதில் கையெழுத்திடுகிறீர்கள் என்று படித்துவிட்டு இடுங்கள். அது உங்கள் ஆடிட்டர்மேல் ஐயமில்லை. அவருக்கும் அதுவே பாதுகாப்பு. மின்னஞ்சலுக்கும் வங்கிக் கணக்குக்கும் பாதுகாப்புச் சாவியோ பாஸ்கீயோ போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாக. ரேகை விழவில்லை என்று ரேஷன் பொருளை மறுத்தால் மாற்று வழியைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் 1967க்கோ 1800 425 5901க்கோ சொல்லுங்கள். வங்கி முகவரிடம் ஒவ்வொரு முறையும் ரசீது வாங்குங்கள். இரண்டாவது தடவை விரல் வைக்கச் சொன்னால் முதல் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். ரேகையை மாதந்தோறும் பயன்படுத்தாதவர்கள் அதைப் பூட்டிவையுங்கள். ஆதார் உதவிக்கு 1947. பணம் களவு போனால் மணிக்கணக்கில் யோசிக்காமல் 1930க்கு அழையுங்கள். படிக்கத் தெரியாத அப்பாவையும் அம்மாவையும் தனியே அனுப்பாமல், படித்த பிள்ளைகள் ஒருமுறையாவது உடன் போய் நில்லுங்கள்.

கருவி பார்ப்பது விரலையும் சிப்பையும் மட்டுமே. கைக்குரியவர் சம்மதித்தாரா, அவருக்கு உரியது கிடைத்ததா என்று பார்க்க வேண்டியது அரசும் வங்கியும் நாமும்தான். உழைத்துத் தேய்ந்த கைக்கு அரிசி மறுக்கும் எந்தக் கருவியும், எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தோற்ற கருவியே.